மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் உடனே நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ தீட்டுக் கழிக்க வேண்டும், பெயர் வைக்க வேண்டும், முப்பதாம் நாள் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாள் தவறினால் பாட்டிமார் விடமாட்டார்கள். அதே குழந்தை பத்து வாரம் முந்திக்கொண்டு ஒன்றேகால் கிலோ எடையில் பிறந்துவிட்டால், இன்னொரு நாள்கணக்கும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. மூன்று நாளைக்குள் ஒரு ஸ்கேன், ஏழாம் நாள் வாக்கில் ஒன்று, இருபத்தெட்டாம் நாள் வாக்கில் ஒன்று. நியாயமாகப் பிறந்திருக்க வேண்டிய தேதி வரும்போது இன்னொன்று. எல்லாமே தலைக்கு.

ரிப்போர்ட்டில் ‘நியூரோசோனோகிராம்’ என்று இருக்கும். வார்டில் ‘மூளை ஸ்கேன்’ என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். மெஷின் எந்தக் கம்பெனி, எத்தனை லட்சம் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம். எந்த நாளில் எடுத்தார்கள், அடுத்ததை எப்போது எடுக்கப் போகிறார்கள் என்பதில்தான் இந்த ஸ்கேனின் உயிரே இருக்கிறது. முதல் ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்ததும் நிம்மதியாகி, மிச்சத்தை மறந்துவிடும் குடும்பங்களுக்காகத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

எலும்பு இல்லாத இடம்

பச்சிளங்குழந்தையின் மண்டை ஓடு பல எலும்புத் தகடுகள் சேர்ந்தது. நெற்றிக்கு மேலே அவை கூடும் இடத்தில் சாய்சதுரமாக ஓர் இடைவெளி இருக்கும். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது விரலுக்கு மெத்தென்று தட்டுப்படுமே, அந்த உச்சிக்குழிதான். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும். அல்ட்ராசவுண்ட் ஒலியை எலும்பு தடுத்துவிடும். அதனால் பெரியவர்களின் மூளையை இந்த முறையில் நேரடியாகப் பார்க்க முடியாது. குழந்தைக்கு இயற்கையே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது.

சின்ன புரோப் ஒன்றில் ஜெல் தடவி உச்சிக்குழிமேல் லேசாக வைப்பார்கள். நொடிக்கு 50 லட்சம் முதல் 1 கோடி முறை அதிரும் ஒலி அதிலிருந்து உள்ளே போகிறது. நம் காதுக்கு எட்டும் எல்லை 20 ஆயிரம்தான். உள்ளே போன ஒலி திசுவில் பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு நேரத்தில், எவ்வளவு பலத்தோடு திரும்புகிறது என்பதைக் கணக்கிட்டு மெஷின் படம் போடும். மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் பக்கத்து மீனவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. படகில் எக்கோ சவுண்டர் வைத்து அடியில் மீன்கூட்டம் எங்கே, பாறை எங்கே என்று பார்ப்பதும் இதே கணக்குதான்.

கதிர்வீச்சு கிடையாது. மயக்க மருந்து வேண்டாம். குழந்தையை வார்மரிலிருந்து இறக்கவும் வேண்டாம், மெஷினே கட்டிலுக்கு வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஜெல் ஜில்லென்று இருக்கக்கூடாது, அழுத்தக்கூடாது, முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். ஒரு கிலோ குழந்தைக்குக் குளிர் தாங்காது.

இருபத்தாறு வாரக் குழந்தையின் மூளையை ஸ்கேனில் பார்த்தால் முதலில் திகைப்புதான் வரும். மடிப்புகள் அதிகமில்லாமல் ஏறக்குறைய வழுவழுவென்று இருக்கும். வாரம் ஏற ஏற மடிப்பு விழும். நாற்பதாவது வாரத்தில்தான் படத்தில் பார்த்துப் பழகிய மூளை மாதிரி ஆகும். வயிற்றுக்குள் நடக்க வேண்டிய இந்த வேலை, குறைமாதக் குழந்தைக்கு டியூப்லைட் வெளிச்சத்தில், மானிட்டர் சத்தத்துக்கு நடுவே நடக்கிறது.

முதல் 72 மணி நேரம்

மூளையின் நடுவே நீர் நிரம்பிய அறைகள் உண்டு. அவற்றின் ஓரத்தில், கருவில் மூளைச் செல்கள் உருவாகும் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே ஓடும் ரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை, தாங்கு திசு இல்லாதவை. ஏறக்குறைய 34-வது வாரத்துக்குள் இந்தப் பகுதி சுருங்கி மறைந்துவிடும். அதற்கு முன்பே பிறந்த குழந்தைக்கு அது அப்படியே இருக்கும். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி இறங்கினால், மூச்சு தடுமாறினால், வேகமாகக் குளுக்கோஸோ சலைனோ ஏற்றிவிட்டால், அந்தக் குழாய் வெடித்துக் கசியலாம். கசிவுகளில் ஏறக்குறைய பாதி முதல் நாளிலும், பெரும்பாலானவை முதல் 72 மணி நேரத்துக்குள்ளும் நடந்துவிடுகின்றன. மூன்று நாளைக்குள் ஒரு ஸ்கேன் என்பது இதனால்தான்.

கசிவை நான்கு படிகளாகப் பிரித்தவர் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் பணியாற்றிய லூ-ஆன் பாப்பைல். 1978-ல் அவரும் சக மருத்துவர்களும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான 46 குழந்தைகளைத் தொடர்ச்சியாக சி.டி. ஸ்கேன் செய்தார்கள். 20 பேருக்குக் கசிவு. அதுவரை இவ்வளவு பேருக்கு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பல குழந்தைகள் வெளியே எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. செங்கல்பட்டில் இன்று எழுதப்படும் ரிப்போர்ட்டிலும் ‘கிரேடு 1’, ‘கிரேடு 3’ என்று வருவது அந்தப் பிரிவினைதான். கசிவு உருவான இடத்திலேயே நின்றால் ஒன்று. நீரறைக்குள் புகுந்தால் இரண்டு. அறை ரத்தத்தால் வீங்கினால் மூன்று. பக்கத்து மூளைத் திசுவும் பாதிக்கப்பட்டால் நான்கு.

ஆனால் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தையை சி.டி. அறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது சுலபமா? அடுத்த ஆண்டே, 1979-ல், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் கேரன் பேப்பும் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸும் அடங்கிய குழு, அல்ட்ராசவுண்டிலேயே குறைமாதக் குழந்தையின் மூளைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கலாம் என்று ‘லான்செட்’ இதழில் எழுதியது. அதன்பிறகு ஸ்கேன் கட்டிலுக்கே வந்துவிட்டது.

கிரேடு என்ற வார்த்தையைக் கேட்டதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். ஒன்றும் இரண்டும் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். அந்தக் குழந்தைகளில் மிகப் பலர் மற்ற பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகிறார்கள். மூன்று, நான்கு என்றால் கவனம் வேறு மாதிரி. நீரறையின் வடிகால் அடைத்துக்கொண்டு தலையில் நீர் கோத்துக்கொள்ளலாம். அப்போது வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைகூட ஸ்கேன் எடுத்து அறையின் அகலத்தை அளந்து, தேவைப்பட்டால் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைப்பார்கள். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து ரூபாய் இஞ்ச் டேப்பே காவல். தலைச் சுற்றளவு வாரத்துக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடினால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

‘நார்மல்’ என்றபின் வருவது

முதல் ஸ்கேனில் தெரியவே தெரியாத ஒரு பாதிப்பு உண்டு. மூளைக்கு ரத்தமோ ஆக்சிஜனோ குறைந்தால், நீரறைகளை ஒட்டியுள்ள வெண்திசு செத்துப்போகும். ஆரம்பத்தில் அந்த இடம் கொஞ்சம் வெளிறித் தெரியலாம், தெரியாமலும் போகலாம். இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் அங்கே சிறு சிறு நீர்க்குமிழிகள் உருவாகும். ஏழாம் நாள் ஸ்கேன் சுத்தமாக இருந்த குழந்தைக்கு இருபத்தெட்டாம் நாள் குமிழி தெரிவது இதனால்தான். முதல் ஸ்கேன் எடுத்தவர்மேல் குற்றமில்லை.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று இருக்கிறது. சில மாதங்களில் அந்தக் குமிழிகள் சுருங்கி மறைந்தும் போகலாம். நாலைந்து மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால், ஒழுங்கற்று விரிந்த நீரறை தவிர வேறு தடயம் இருக்காது. பார்க்க வேண்டிய காலம் ஒரு குறுகிய இடைவெளி. அது தவறினால், குழந்தை ஒரு வயதில் கால் ஊன்றாமல் விறைத்து நிற்கும்போதுதான் வீட்டுக்குத் தெரியவரும். காலுக்குப் போகும் நரம்பிழைகள் நீரறைக்கு மிக அருகில் ஓடுகின்றன. அதனால்தான் இந்தப் பாதிப்பில் கையைவிடக் கால்கள் அதிகம் விறைக்கின்றன. மூளை முடக்குவாதம் என்று ஒரு வயதில் பெயர் வைப்பதற்கும், இரண்டாம் மாதத்திலேயே சந்தேகப்பட்டு பிசியோதெரபி தொடங்குவதற்கும் நடுவே பத்து மாதம். வளரும் மூளைக்கு அந்தப் பத்து மாதம் ரொம்பப் பெரிசு.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பரவலான நுண்ணிய வெண்திசுப் பாதிப்பு இதில் தப்பிவிடலாம். சிறுமூளையில் ஏற்படும் சின்னக் கசிவைப் பார்க்கக் காதுக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாகவும் புரோப் வைத்துப் பார்க்க வேண்டும், எல்லா இடத்திலும் அதைச் செய்வதில்லை. நிறைமாதத்தில் பிறந்து, பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறிய குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ.தான் தெளிவாகச் சொல்லும். அந்தக் குழந்தைகளின் உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் மேலைநாட்டுச் சிகிச்சை இங்கே எடுபடுமா என்று இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. சென்னை எழும்பூரும் அதில் ஒன்று. 2021-ல் வந்த முடிவு அதிர்ச்சியானது: குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். லண்டனில் பலித்ததெல்லாம் இங்கே பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவே

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965-ல் தொடங்கியது. மாவட்டமோ 2019 நவம்பர் 29-ல்தான் காஞ்சிபுரத்திலிருந்து தனியாகப் பிரிந்தது. கல்லூரி மருத்துவமனை ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம், கடலோரக் கிராமங்கள் ஈ.சி.ஆர். பக்கம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கல்பாக்கம், கூவத்தூர், கடப்பாக்கம் என்று தெற்கே போகப் போகத் தூரமும் கூடும், பஸ்ஸும் குறையும். பெரிய தனியார் மருத்துவக் கல்லூரிகள் கேளம்பாக்கத்திலும் காட்டாங்குளத்தூரிலும் இருக்கின்றன. பணமும் வண்டியும் இருப்பவர்களுக்குத் தூரம் ஒரு பிரச்னையில்லை. காலையில் மீன் கூடையோடு கிளம்பினால்தான் அன்றைய பிழைப்பு என்ற நிலையில் இருக்கும் அம்மாவுக்கு, கைக்குழந்தையோடு ஒருநாள் முழுக்க ஓ.பி. வரிசையில் நிற்பது என்றால் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

கூவத்தூர் பக்கம் ஒரு பெண்ணுக்கு முப்பதாவது வாரத்தில் வலி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் மூளைக்கு நல்லது செய்யும் வேலை அங்கேயே தொடங்குகிறது, ஸ்கேனுக்கு ரொம்ப முன்னால். 1972-ல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும் என்று காட்டினார்கள். மூளைக் கசிவும் குறைகிறது என்பது பிற்பாடு தெரிந்தது. இந்திய அரசின் 2014 வழிகாட்டுதல்படி 24 முதல் 34 வாரத்துக்குள் வலி வந்த தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. முக்கியமானது, முதல் ஊசியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்கு முன்பே கிராம செவிலியர் போட்டுவிடலாம். 108 வருவதற்குள் போட வேண்டிய ஊசி அது. விலை மலிவு.

அடுத்தது, வயிற்றில் இருக்கும்போதே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய்விடுவது. சின்ன இடத்தில் பிரசவமாகி, பிறகு பிஞ்சுக் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றினால் கசிவு அபாயம் கூடுகிறது. இன்குபேட்டர் வைத்த 108 வண்டிகள் தமிழகத்தில் ஓடுகின்றன, நல்ல ஏற்பாடு. என்றாலும் எந்த வண்டியும் அந்த முதல் மணி நேரத்துக் குலுக்கலை இல்லாமல் செய்துவிடாது.

பிறந்தபின் வீட்டில் நடப்பவற்றையும் சொல்லாமல் விட முடியாது. குழந்தை ஓயாமல் அழுதால் ‘உரம் விழுந்திருச்சு’ என்று சேலைத் துணியில் போட்டு உருட்டுவது, தலைக்கு வடிவம் கொடுக்கிறேன் என்று அழுத்திப் பிடிப்பது. பாட்டிமார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த உருட்டல் கூடவே கூடாது. அதே பாட்டிமார்தான் உச்சிக்குழியைத் தினமும் தொட்டுப் பார்ப்பவர்கள். குழந்தை அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் குழி புடைத்திருந்தால் உள்ளே அழுத்தமோ மூளைக்காய்ச்சலோ இருக்கலாம். வயிற்றுப்போக்கில் அது உள்வாங்கினால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. இவர்களிடம் ‘கை வைக்காதே’ என்பதைவிட ‘எதைக் கவனிக்க வேண்டும்’ என்று சொல்லிக் கொடுத்தால் பலன் அதிகம். பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி போட்டாச்சா என்று கேட்கச் சொல்லுங்கள். அது விடுபட்ட குழந்தைக்கு, நிறைமாதமாக இருந்தாலும், இரண்டு மூன்று மாதத்துக்குள் மூளையில் ரத்தம் கசியலாம்.

சட்டமும் சக்கரமும்

மெஷினைக் கிராமத்துக்கே கொண்டுபோனால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது. கருவில் பெண்ணா என்று பார்த்துக் கலைக்கும் கொடுமையைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம், ஒவ்வொரு அல்ட்ராசவுண்ட் மெஷினையும் பதிவு செய்யச் சொல்கிறது. 2012-ல் சேர்த்த விதியின்படி, கையில் எடுத்துச் செல்லும் மெஷினைப் பதிவான வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கு, அல்லது வேறு சிகிச்சைகளும் தரும் நடமாடும் மருத்துவ ஊர்தியில் மட்டுமே பயன்படுத்தலாம். குழந்தையின் தலையைப் பார்க்கும் மெஷினில் புரோப்பை மாற்றினால் கருப்பையும் தெரியும். அதனால் அதற்கும் விலக்கு இல்லை.

பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் இதனால் படும் அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. நள்ளிரவில் குழந்தை நிலைகுலைந்தால், தானே புரோப்பை எடுத்துப் பார்க்கவேண்டிய மருத்துவர், பல இடங்களில் ரேடியாலஜிஸ்ட் வரக் காத்திருக்கிறார். இருந்தாலும் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் சிசுக்கொலை நடந்த உசிலம்பட்டியை மறந்துவிட முடியுமா? 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களுக்குப் பயிற்சியும் பதிவும் தாராளமாகக் கொடுப்பதும், ஊர்தி என்ற வாசலை ஒழுங்காகப் பயன்படுத்துவதுமே போதும்.

அதற்கும் முன்னால், காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது.

2020-ல் உலகம் முழுக்க 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தார்கள், இந்தியாவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல். அதே ஆண்டு தமிழகத்தில் ஆயிரம் பிறப்புக்கு 13 சிசு மரணம், இந்திய சராசரி 28. பிழைக்க வைப்பதில் நாம் முன்னே இருக்கிறோம். பிழைத்த குழந்தை வீட்டுக்குப் போனபின் பின்தொடர்வதில் அதே வேகம் வேண்டும். அதற்கான நாள்காட்டி ஏற்கெனவே ஒவ்வொரு அம்மாவின் கையிலும் இருக்கிறது.

34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். இருபத்தெட்டாம் நாள் மூளை ஸ்கேனையும் அதோடு சேர்த்தால் ஒரே பஸ் பயணம். கடைசி ஸ்கேன், நாற்பது வாரம் நிறையும்போது. முப்பதாவது வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது பிறந்து பத்தாவது வாரம். இருபத்தாறில் பிறந்திருந்தால் பதினான்காவது வாரம். முப்பத்து நான்கில் பிறந்து டாக்டர் ஸ்கேன் சொல்லியிருந்தால் ஆறாவது வாரம். ஆறு, பத்து, பதினான்கு: பென்டாவேலன்ட் தடுப்பூசிக்கு நம் ஊர் அம்மாக்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் அதே வாரங்கள்.

தமிழகத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம செவிலியர் தாய்-சேய் அட்டையை வாங்கிப் பார்த்துத்தான் ஊசி போடுகிறார். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த அட்டையில் ஊசித் தேதிக்குப் பக்கத்திலேயே ஸ்கேன் தேதியையும் எழுதிக் கொடுத்துவிட்டால், ‘ஏம்மா, செங்கல்பட்டுக்குத் தலை ஸ்கேனுக்குப் போனியா?’ என்று அவரே கேட்டுவிடுவார். போகவில்லை என்றால் அடுத்த புதனும் கேட்பார்.